சில்லு உடைந்த தாய்மாமன்

இடது கால் மடங்கிவிட்டது. அது எப்போதுமே நல்ல பிள்ளை, முதல் பெஞ்சு. சொன்னவுடன் முட்டி வெளிப்பக்கம் சாய்ந்து, பாதம் உள்ளே வந்து, தொடைக்கு அடியில் போய் அடங்கிக்கொண்டது. வலதுதான் நம்ம ஆள். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து, வேட்டி விலகாமல், முகத்தை ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கிறேன். பாதி தூரம் வருகிறது. பிறகு நிற்கிறது. சேனல் கோணலாகிப்போன மேஜை டிராயர் மாதிரி உள்ளே என்னமோ இடிக்கிறது, அதற்குமேல் ஒரு நூல் நகராது. பரவாயில்லை, மிச்சத்தை வேட்டி பார்த்துக்கொள்ளும். முட்டிக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒரு துண்டைச் சுருட்டி முதலிலேயே சொருகிவிட்டேன், முட்டி அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பட்டு வேட்டி கட்டிய தாய்மாமன் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஒரு கால் சம்மணம், ஒரு கால் டவுன்பஸ் ஜன்னலோர சீட். பட்டு வேட்டியைக் கண்டுபிடித்தவனுக்கும் என் மாதிரி ஒரு முட்டி இருந்திருக்க வேண்டும். ஏசி காற்று நேராக மண்டையில் அடிக்கிறது. அரியமங்கலத்தில் பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிற மினி ஹால் இது, கீழேயிருந்து பெயின்ட் வாசனை, பக்கத்து அறையிலிருந்து சாம்பார் வாசனை, இரண்டும் மூக்குக்குள் சண்டை போடுகின்றன. எனக்கு எதிரே குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் சாமி படம். படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பந்தி, அதாவது அக்காவின் மாமனார். அம்மா அவரைச் சம்பந்தி சம்பந்தி என்று சொல்லிச் சொல்லி என் மனசுக்குள்ளும் அவருக்கு அதுதான் பெயர். நேரில் மாமா என்பேன், அதுவும் வேறு வழியில்லாவிட்டால். அவர் என் முட்டியைப் பார்க்கிறாரா, வேட்டிக் கரையைப் பார்க்கிறாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியில் விளக்குச் சுடர்தான் தெரிகிறது. ஒன்று மட்டும் நடக்கக் கூடாது, இந்தக் கால் நீளக் கூடாது. நீண்டால் உள்ளங்கால் நேரே விளக்குக்கு நேராகப் போய் நிற்கும். சாமிக்கு முன்னால் காலை நீட்டிய தாய்மாமன் என்று, எனக்குக் கல்யாணமாகி என் பிள்ளைக்குக் காது குத்துகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் வேறு வேலை கிடையாது.

அக்காவின் குழந்தை வருகிறாள். பெயர் நிவிக்ஷா. ஜோசியர் கொடுத்த எழுத்துக்கு மச்சான் நெட்டில் தேடிப் பிடித்த பெயர், அர்த்தம் அவருக்கே தெரியாது. சம்பந்திக்கு அது வாயில் நுழையாமல் நிவிச்சா என்கிறார், நான் உருண்டை என்கிறேன், என்னுடையதுதான் பொருத்தம். சௌமியாக்கா அவளை என் மடியில் இறக்கும்போது ஒரு நொடி என் கண்ணைப் பார்க்கிறாள், அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். போன வாரம் சம்பந்தி அம்மாவுக்குப் போன் பண்ணினார். தம்பிக்குக் கால் முடியவில்லையென்றால் சிரமப்படுத்த வேண்டாம், பெரியம்மா பையன் தினகரன் இருக்கிறாரே, அவரும் மாமன் முறைதானே, அவர் மடியில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார், அதுதான் கடுப்பு. திட்டினால் திருப்பித் திட்டலாம், அக்கறைப்பட்டால் என்ன செய்வது. அம்மா போனைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்பா போனதிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு பழக்கம், போனில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள், அவர்களுக்குத் தெரியாது என்பதுகூட மறந்துபோய். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னிடம் தனியாகப் பேசினாள். "படிப்பை விட்ட, நான் ஒண்ணும் சொல்லல. இந்த மடியை மட்டும் விட்டுராத. தினா மடியில வெச்சா, பொறந்த வீட்டுல எனக்கு ஆளில்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி." ஒன்றும் சொல்லவில்லை என்பது பச்சைப் பொய். நான் பதினொன்றாவதோடு நின்றபோது அவள் சொன்னதையெல்லாம் எழுதினால் ஒரு கைடு போடலாம். ஏன் நின்றாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், போரடித்தது என்கிறேன், யாரும் நம்புவதில்லை, பெரிய காரணம் எதிர்பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போரடித்தது, மாடுலர் கிச்சன் வேலை போரடிக்கவில்லை, முடிந்தது கதை. ஆனால் மடி விஷயத்தில் அக்கா சொன்னது பொய்யில்லை. அம்மாவோடு சேர்த்து இந்த ஹாலில் எங்கள் வீட்டு ஆட்கள் இரண்டே பேர். அம்மாவுக்கு மடி இருந்தும் பிரயோஜனமில்லை, முறை வேண்டும். முறை எனக்கு இருக்கிறது. முட்டிதான் இல்லை. தினா அண்ணன் தூணோரம் நிற்கிறான். ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக்குள் புஜம் பிதுங்குகிறது. கெட்டவன் கிடையாது, சின்ன வயதில் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் இப்போது கையைக் கட்டிக்கொண்டு, ஆள் விழுந்தால் உள்ளே இறங்கத் தயாராக இருக்கிற எக்ஸ்ட்ரா பிளேயர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பாரு. நன்றாகப் பாரு.

மொட்டை போடுகிறவர் கிண்ணத்துத் தண்ணீரை உருண்டையின் தலையில் தடவுகிறார். "தலையை ஆட்டாம புடிங்க மாமா" என்கிறார். என்னைவிட இருபது வயசாவது மூத்தவர், இன்றைக்கு ஒருநாள் எல்லாருக்கும் நான் மாமா. ஒரு கையால் தாடையைப் பிடிக்கிறேன், இன்னொரு கையால் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிறேன், கத்தி சரசரவென்று இறங்குகிறது, தண்ணீரோடு முடி என் வேட்டியில் விழுகிறது. அவர் முழங்கை அசையவே இல்லை, மணிக்கட்டு மட்டும்தான். மணிக்கட்டு ஒரு ஜாயின்ட் இல்லை, கூழாங்கல் மாதிரி எட்டு எலும்பு ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு கிடக்கிறது, ஒரு பையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி. இதெல்லாம் ஜெனிபர் அக்கா சொன்னது. ஆஸ்பத்திரியில் என் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறவர். முட்டி எப்படி உடைந்தது என்றும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்ல ஆசைதான், மரியாதையாக இருக்கும். நான் டான்ஸில் விழுந்தேன். ஃபிரண்டோட அண்ணன் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலம், நாசிக் டோல் மேளம் காதைக் கிழிக்கிறது, எனக்கு முன்னால் ஒருத்தன் ஓடிவந்து முட்டிபோட்டு வழுக்கினான், கூட்டம் விசில் அடித்தது. அவன் கல்யாண மண்டபத்து டைல்ஸில் வழுக்கினான். நான் அதையே தார்ரோட்டில் செய்தேன். டைல்ஸுக்கும் தாருக்கும் உள்ள வித்தியாசம் கிச்சன் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா, தெரியும், அந்த நிமிஷம் டோல் சத்தத்தில் மறந்துவிட்டது. முட்டிச் சில்லு இரண்டாகப் போனது. வீடியோவில் நான் கையை விரித்துக்கொண்டு அப்படியே முட்டிபோட்டு நிற்கிறேன், அதையும் ஸ்டெப் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கை தட்டுகிறார்கள். இப்போது உள்ளே இரண்டு கம்பி, அதைச் சுற்றி எட்டு மாதிரி முறுக்கிய ஒரு ஒயர். அலமாரிக் கதவுக்கு நான் போடுகிற வேலையைவிடச் சுத்தமான வேலை என்று எக்ஸ்ரே பார்த்ததும் தோன்றியது. முதல் நாள் ஜெனிபர் அக்கா பிளாஸ்டிக் முட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். கதவுக் கீல் மாதிரிதானே என்றேன், தொழில் பேச்சு. சிரித்தார். "கீல் ஒரே எடத்துல நின்னு திரும்பும்டா. இது உருண்டுகிட்டே வழுக்கும். காலை நேரா நீட்டுறப்ப கடைசில ஒரு திருகு திருகிப் பூட்டிக்கும். எந்தக் கம்பெனிக் கீல் இப்படிச் செய்யும், சொல்லு?" எதுவும் செய்யாது. நான் போடுகிற மெதுவாக மூடுகிற கீல்கூடச் செய்யாது. அன்றிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு மூட்டு கேட்டுக்கொண்டு வருவேன். இடுப்பில் ஆழமான கிண்ணத்துக்குள் பந்து. தோளில் தட்டின்மேல் பந்து, அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுற்றுகிறது, அதனாலேயே சீக்கிரம் கழன்றும் போகிறது, சுதந்திரம் ஜாஸ்தி. கழுத்தில் மேலே இருக்கிற எலும்பு ஆமாம் சொல்வதற்கு, அதற்கு அடுத்த எலும்பு இல்லை சொல்வதற்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்திருப்பேன். சம்பந்தியின் கழுத்தையே பார்க்கிறேன். இரண்டு எலும்பும் சும்மா இருக்கின்றன.

உருண்டை அழவில்லை. கத்தி போகிற பக்கமெல்லாம் கண்ணை மேலே உருட்டிப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே தன் வலது காலைத் தூக்கிக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொள்கிறாள். அடிப்பாவி. எவ்வளவு சுலபமாக. இடுப்பு ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம், கணுக்கால் ஒரு பக்கம், எல்லாம் வெண்ணெய். நான் இங்கே பாதிச் சம்மணத்துக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறேன், இவள் என் கண்ணுக்கு முன்னாலேயே காலை வாயில் போட்டுச் சப்புகிறாள். இந்த வயதில் குழந்தைக்குச் சில்லு எலும்பாகவே ஆகியிருக்காதாம், குருத்தெலும்புதானாம், காதுமடல் மாதிரி, மூக்கு நுனி மாதிரி. எலும்பாக இன்னும் சில வருஷம் ஆகுமாம். ஆக இந்த மணையின்மேல் இப்போது நாலு முட்டி, அதில் ஒழுங்கான எலும்புச் சில்லு ஒன்றே ஒன்று, அது என் இடதில். ஐயோ, இடது. இடது எங்கே. இவ்வளவு நேரம் வலதையே கவனித்துக்கொண்டிருந்ததில் இடதை மறந்துவிட்டேன், அது மரத்துப்போய்விட்டது. முதலில் பாதம் போனது, பிறகு கணுக்கால், இப்போது முட்டிவரை யாரோ வேறு ஒருத்தருடைய கால் என் அடியில் கிடக்கிறது. நல்ல பிள்ளைகளே இப்படித்தான், ஒரு வார்த்தை சொல்லாமல் மயங்கி விழும். வலது வலிக்கிறது, வலிப்பதால் இருக்கிறது என்று தெரிகிறது, அந்த மட்டுக்கும் யோக்கியன். இப்போது யாராவது எழுந்திரு என்றால் என்ன செய்வேன். எழ முடியாது. சரி, எழச் சொல்லமாட்டார்கள், இன்னும் காது இருக்கிறது. காது முடிந்தபின்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஜெனிபர் அக்காவிடம் காதுகுத்து என்று சொல்லவில்லை, சம்மணம் எப்போது போடலாம் என்று மட்டும் கேட்டேன், அவசரப்படாதே, திசு இறுகியிருக்கிறது, அழுத்தி மடக்காதே என்றார். நான் அம்மா கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ரேஷன் அரிசி மூட்டையை மடியில் வைத்துப் பழகினேன். மூட்டையும் இவளும் ஏறக்குறைய ஒரே கனம். மூட்டையோடு நன்றாகத்தான் உட்கார்ந்தேன். என்ன, மூட்டை வாயில் கால் வைக்காது. மூட்டைக்குக் கால் கிடையாது. இதை ஏன் அப்போது யோசிக்கவில்லை.

மொட்டை முடிந்தது, சந்தனம் பூசியாகிவிட்டது, இப்போது அவள் உண்மையாகவே உருண்டை. பத்தர் வந்து உட்காருகிறார். நகை வேலை செய்கிறவர், பையைத் திறந்து தங்கக் கம்பியை எடுத்து மஞ்சள் தண்ணீரில் நனைக்கிறார், காதுமடலில் ஒரு பொட்டு வைக்கிறார். அவ்வளவுதான், ஹால் முழுக்க நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். இடது பொட்டு கொஞ்சம் மேலே இருக்கிறது என்கிறார் மச்சானின் அத்தை. இல்லை வலதுதான் கீழே இருக்கிறது என்கிறார் இன்னொருவர். பெரியம்மா செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பார்க்கிறார். பத்தர் பொறுமையாக அழித்து மறுபடி வைக்கிறார், இப்போது அத்தைக்குப் பிடித்துவிட்டது, பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. காது என்ன, நான் சமையலறைக் கைப்பிடி போடும்போது மட்டம் பார்க்கிற மாதிரி நீர்மட்டக் கட்டை வைத்தா பார்ப்பார்கள். குத்துங்கள் ஐயா. என் துண்டு நழுவுகிறது. நிஜமாகவே நழுவுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக, முட்டியின் கனத்தில் வெளிப்பக்கமாக. நுனி வேட்டிக்கு வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் எல்லாரும் குனிவார்கள். தினா அண்ணன் கையைக் கட்டியிருந்தவன் இப்போது அவிழ்த்துவிட்டான். ஏன் அவிழ்த்தான். ஏதாவது தெரிந்துவிட்டதா. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குத் துண்டு விஷயம் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். வலியில் நான் எப்போதும் லேசாகச் சிரிப்பேனாம், சின்ன வயதிலிருந்தே. அப்படியென்றால் இப்போது நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். போட்டோகிராபர் சந்தோஷமாகக் கட்டைவிரலைக் காட்டுகிறார். அப்படியே இருங்க பிரதர். அப்படியேதானே இருக்கிறேன், வேறு எப்படி இருக்க முடியும் என்னால்.

இடது காதில் பத்தர் விரல் நெருங்குகிறது. கம்பி உள்ளே போன சத்தம்கூட இல்லை. உருண்டை வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை, திறந்துகொண்டே போகிறாள், எல்லாருக்கும் தெரியும் இந்த அமைதி எதற்கு முன்னால் வருகிறது என்று. பிறகு வந்தது. அழுகை தொண்டையில் மட்டும் வரவில்லை, கழுத்திலிருந்து குதிகால்வரை இருக்கிற அத்தனை மூட்டிலும் ஒரே நேரத்தில் வந்தது. முதுகு வில்லாக வளைந்தது, இடுப்பு நிமிர்ந்தது, இரண்டு முட்டியும் ஒன்றாக உதறி விரிந்தன. எலும்பாகாத முட்டிக்கு என்ன பலம். குதிகால் சரியாக, அளவெடுத்த மாதிரி, ஒயர் முறுக்கிய இடத்தில் இறங்கியது. கண்ணுக்குள் டியூப்லைட் எரிந்தது. நான் நீட்டவில்லை. சத்தியமாக நான் நீட்டவில்லை, அதுவே நீண்டது. துண்டு ஒரு பக்கம் உருண்டு ஓடியது, வேட்டி விலகியது, முட்டியின்மேல் ஜிப் வைத்துத் தைத்த மாதிரி இருக்கிற தழும்பு வெளியே வந்தது, கால் வழுக்கி உருண்டு கடைசியில் அந்தத் திருகு திருகி டக்கென்று பூட்டிக்கொண்டது. உள்ளங்கால் நேரே விளக்குக்கு நேராக. சுடர் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. பிறகு அம்மா, காலை மடக்குடா கிஷோர், வெளக்குடா என்கிறாள், வேண்டுகிற மாதிரி. மச்சான் பார்க்கவில்லை, கம்பியை முறுக்குகிற பத்தர் கையைப் பார்க்கிற மாதிரி நிற்கிறார். அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கவில்லை. தினா அண்ணன் வந்துவிட்டான், குனிந்து இரண்டு கையையும் நீட்டுகிறான், குடுடா நான் வாங்கிக்கறேன் என்கிறான், மெதுவாக, நல்லவனாகத்தான். போச்சு. எல்லாம் போச்சு. அக்கா மடியை விட்டுராத என்றாள், விட்டாச்சு, மடி கலைந்து போச்சு, குழந்தை எங்கே, விழுந்துவிட்டாளா, ஜமக்காளத்தில் கிடக்கிறாளா. குனிந்து பார்க்கிறேன். குழந்தை இங்கேதான் இருக்கிறாள். என் தொடையில்தான் இருக்கிறாள். ஒரு அங்குலம் நகரவில்லை, அதே இடத்தில் உட்கார்ந்து என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். கால் பலகை மாதிரி நீண்டு கிடக்கிறது, மடி அப்படியே இருக்கிறது. இரு. இரு, இரு. மடி அப்படியே இருக்கிறது. வயிறு இங்கே நிமிர்ந்து நிற்கிறது, தொடை அங்கே படுத்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மூலை, அந்த மூலையில் குழந்தை. மூலையைப் போட்டது இடுப்பு. கிண்ணமும் பந்தும். முட்டிக்கு இதில் என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. முட்டி மடங்கினாலும் மடி, நீண்டாலும் மடி. அட முட்டாளே. அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக நான் சம்பந்தமே இல்லாத மூட்டுக்கு டியூஷன் எடுத்திருக்கிறேன். ஒரு பரீட்சைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக விழுந்து விழுந்து படித்தேன், அதுவும் வேறு பாடம்.

சிரிப்பு வந்துவிட்டது. நிஜச் சிரிப்பு. தினா அண்ணன் கை இன்னும் நீண்டிருக்கிறது. "மடி இருக்குண்ணே" என்கிறேன், "பாருங்க, மடி அப்படியேதான் இருக்கு." அவனுக்குப் புரியவில்லை. அம்மா மறுபடியும், காலை மடக்குடா. "மடங்காதும்மா." இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஜெனிபர் அக்காவிடம்கூட மடங்கிடும்கா மடங்கிடும்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதும் முதுகில் இருந்த ஒரு பூட்டு கழன்ற மாதிரி இருக்கிறது. "கால் மடங்காது. மடிக்கு அது தேவையும் இல்ல. புள்ளையை நான் தரமாட்டேன். வேணும்னா வெளக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க." கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம். ஏற்றிய விளக்கை நகர்த்துவதா என்று அத்தைகள் பக்கம் ஒரு அலை எழும்புகிறது. கிழக்கே பார்த்துப் போட்ட மணையைத் திருப்பவும் முடியாது, எரிகிற விளக்கை நகர்த்தவும் முடியாது, காலை மடக்கவும் முடியாது, ஆக நகர்த்த முடிந்தது இந்த ஹாலில் நான் ஒருத்தன்தான். எல்லாரும் சம்பந்தியைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன், கழுத்தை. மேல் எலும்பா, அடுத்த எலும்பா. அவர் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை, நம் ஊர் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, இரண்டு எலும்பும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம், அதுதான். அப்புறம் இரண்டு கையையும் தன் தொடையில் ஊன்றி எழுந்திருக்கிறார். எழும்போது அவர் முட்டி இரண்டும் சடசடவென்று சத்தம் போடுகின்றன, எனக்கு நன்றாகக் கேட்கிறது. வேட்டி உயர்ந்ததில் இரண்டு முட்டியிலும் பழுப்பு நிற உறை மாட்டியிருப்பது தெரிகிறது. இதை நான் கவனித்ததே இல்லை. பூஜை, கல்யாணம், சீமந்தம், எங்கே போனாலும் இவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், கெத்து என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கமாட்டாமல் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறார். விளக்குக்கும் என் காலுக்கும் நடுவில் போட்டு, விளக்குக்கு முதுகு காட்டாமல் கொஞ்சம் கோணலாக, என் உள்ளங்காலுக்கு நேர் எதிரே உட்காருகிறார். என் கட்டைவிரலுக்கும் அவர் வேட்டிக்கும் நடுவில் ஒரு ஜாண்தான். "இப்ப என்னைப் பாத்துத்தான நீட்டியிருக்கான்" என்கிறார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் ஒண்ணும் நெனச்சுக்கல. நல்லா நீட்டிக்கப்பா. பத்தரே, அடுத்த காது." நான் இவரைப் பற்றி மனசுக்குள் நினைத்ததையெல்லாம் வரிசையாக அழித்துக்கொண்டு வருகிறேன், அழிக்க நிறைய இருக்கிறது. பத்தர் இந்தப் பக்கம் நகர்கிறார். உருண்டையைத் திருப்பி உட்கார வைக்கிறேன், நீண்ட கால் இதற்கு வசதியாகக்கூட இருக்கிறது, அவளால் இப்போது எதையும் உதைக்க முடியாது, உதைத்தால் காற்றுதான். இரண்டாவது காது. அதே அமைதி, அதே அலறல், அதே வில். நான் பிடித்துக்கொண்டேன். கன்னத்தைக் கன்னத்தோடு வைத்துப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. தாய்மாமன் பாசத்தைப் பாருடி என்கிறார் அத்தை பெரியம்மாவிடம். பாசம் இல்லை அத்தை, ஒயர். சரி, கொஞ்சம் பாசம்.

எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் அழுகைக்கு இருப்பார்கள், சாம்பாருக்கு ஓடுவார்கள். அக்கா போகும்போது குனிந்து உருண்டையின் காதைத் துடைத்தாள், அதே துணியால் என் முகத்தையும் முரட்டுத்தனமாக ஒரு துடை துடைத்தாள், எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதே அபூர்வம், எடுத்து வைத்துக்கொண்டேன். உருண்டை தேம்பித் தேம்பி, தேம்பலுக்கு நடுவில் தூங்கிப்போனாள். தூங்கினதும் அவள் மூட்டு எல்லாவற்றுக்கும் லீவு விட்ட மாதிரி கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கழன்று கிடக்கிறது. இடது காலுக்கு ரத்தம் திரும்ப வருகிறது, எறும்புப் புற்றே ஏறுகிற மாதிரி, வரட்டும். சம்பந்தி இன்னும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடப் போங்க மாமா என்றேன். இரண்டு கையையும் தொடையில் ஊன்றினார், ஊன்றியபடியே கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். அவராலும் முடியவில்லை. ஒரு விளக்கும் மூன்று மடங்காத முட்டியும் இரண்டு காது குத்திய ஒரு குழந்தையும் மட்டும் ஹாலில். தினா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். வாடா, பந்தி முடியப் போவுது, தூக்கி விடறேன் என்று புஜத்தை நீட்டுகிறான். பிடித்து எழுந்துவிடலாம், அவன் பலத்துக்கு என்னையும் சம்பந்தியையும் சேர்த்தே தூக்குவான். எழுந்தால் இடுப்பு நிமிர்ந்துவிடும், மூலை போய்விடும், இவள் தலை வைத்திருக்கிற இந்த இடம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும். ஜெனிபர் அக்காவின் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டில் எங்கே தேடினாலும் இது இருக்காது. "இருக்கட்டும்ணே" என்கிறேன். "எலையை இங்கயே கொண்டாந்து போட்டுரு. வடை ரெண்டு." தினா அண்ணன் என்னைப் பார்க்கிறான், குழந்தையைப் பார்க்கிறான், திரும்பிச் சம்பந்தியைப் பார்க்கிறான். சம்பந்தி சத்தமில்லாமல், குழந்தை எழுந்துவிடாதபடி, விரலால் தன்னைக் காட்டி, "எனக்கும்" என்கிறார்.